கரி

யாகூத்ஸ்க் நகரில் ஜனவரி.
பேருந்திலிருந்து இறங்கியபோது
துயாராவின் பைக்குள் மைப்புட்டி உடைந்திருந்தது.
மை சிந்தவில்லை.
கண்ணாடிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
புட்டியின் உருவத்திலேயே நின்றது.

நீர்வண்ணப் பெட்டியை அவள் எடுத்து வரவேயில்லை.
போன குளிரில், உறைந்த லேனா ஆற்றின் மேல்
மூன்றாவது தீற்றலில் தூரிகை குச்சியாகிவிட்டது.
தாளில் நீலம் பெரணி இலையாய்ப் படர்ந்தது.
அழகுதான். ஆனால் அவள் வரைந்ததல்ல.
வோட்கா கலந்தால் உறையாது என்றார்கள்.
கலந்தாள்.
பனிச்சாலைக் காவலர் இன்னொகெந்தி
தூரிகை கழுவும் கோப்பையைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.
பச்சை கொஞ்சம் கசக்கிறது என்றார்.

ஆகவே கரி.
கரையோர வில்லோக் குச்சிகளைப் பட்டை உரித்து
டீத்தூள் டப்பாவில் நெருக்கி அடைத்து
மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை.
எரியவிடக் கூடாது,
மூச்சுமுட்ட வைக்க வேண்டும்.
துளையில் புகை நின்றால் வெந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தின் நிலவறையிலிருந்து
மாமூத் குட்டியை மேஜைக்கு ஏற்றியிருந்தார்கள்.
பெண்குட்டி. ஒரு வயதை எட்டாதது.
"மூன்று மணி நேரம்," என்றார் மார்ஃபா யெகோரொவ்னா.
"அதற்கு மேல் ஈரம் வந்துவிடும்.
மைக்கோடு வேண்டும். புள்ளிகள். நிழல் வேண்டாம்.
அளவுகோலை மறந்துவிடாதே."
மை இல்லை என்று துயாரா சொல்லவில்லை.

கரி என்றால் அடுப்பில் மிஞ்சுவது.
கரி என்றால் யானை.
கரி என்றால் சாட்சி.
மூன்றையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்துக்கொண்டு
எங்கோ வெயிலில் ஒரு மொழி இருப்பது
அவளுக்குத் தெரியாது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
காதிலிருந்து தொடங்கினாள்.

உள்ளங்கை அளவுக் காது.
அழிப்பான் கல்லாகிவிடாமல் இருக்க
அக்குளில் வைத்திருந்தாள்;
ஒவ்வொரு பிழைக்கும்
மேலங்கியில் மூன்று பொத்தான்.
ஆகவே பிழைகள் குறைந்தன,
அல்லது அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.
நானூறு படம் எடுத்துவிட்டு
புகைப்படக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான்.
காமிராவுக்கு எல்லா ரோமமும் ஒன்றுதான்.
எது மண், எது மடிப்பு,
எந்தக் கால் கடைசியாக உதைத்தது
என்பதைக் கைதான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது மணியில்
துதிக்கை நுனியிலிருந்து முதல் சொட்டு.
கன்னத்தில் உப்புப் பூத்ததுபோல் இருந்த வெளுப்பு
காற்றுப் பட்டு நீலமாகத் தொடங்கியது.
எலும்பின் சத்தும் சேற்றின் இரும்பும்
இருட்டில் கூடிச் செய்த பொடி என்றார் மார்ஃபா,
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல்.
முதலில் பால்நீலம்,
பிறகு குளிரில் நகத்தடியில் தெரியும் நீலம்,
பிறகு பெயரில்லாத ஒன்று.
துயாராவிடம் இருந்ததோ கருப்பு மட்டும்.

மார்ஃபா கையுறை மாற்றத் திரும்பினார்.
துயாரா விரலை நாக்கில் தொட்டாள்.
ஈர விரலைக் குட்டியின் கன்னத்தில் வைத்தாள்.
பிறகு தாளில், அதே கன்னத்தில்.
மறதியாய் மறுபடி விரலை நக்கியபோது
இரும்பு ருசித்தது.
கொஞ்சம் குளமும்.

அன்றிரவு வீட்டுச் சூட்டில்,
புது மைப்புட்டி வாங்கி,
கரிப்படத்தைப் பார்த்துப் பார்த்து
ஆறாயிரம் புள்ளிகள், ஓர் அளவுகோல்.
ஏற்றுக்கொண்டார்கள். பணமும் வந்தது.

கரிப்படம் சமையலறையில் இருக்கிறது,
குளிர்பெட்டிக்கு மேலே.
தங்கையின் ஹேர்ஸ்பிரேக்குக் கட்டுப்பட்டு
கரி உதிராமல் நிற்கிறது.
நீலம்தான் சொல் கேட்கவில்லை.
ஏப்ரலில் அடர்ந்தது.
வெளிச்சம் அணையாத ஜூன் வாரங்களில்
இன்னும் கருத்தது.

"கன்னம் கன்றிப்போயிருக்கே," என்றாள் தங்கை,
பால் எடுக்க வந்தவள், கதவைத் திறந்தபடி.
"யார் அடிச்சது?"

துயாரா தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.
"சேறு," என்றாள்.